ஆக்சிஜன் இருந்தும் திணறும் சிறுநீரகம்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தால் ஜோகூரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கின. அந்த வெள்ளத்தோடு எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் வந்தது. லெப்டோஸ்பைரா என்னும் கிருமி சேற்றுத் தண்ணீரில் கிடந்து, கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியே உடம்பில் ஏறும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோருக்கு வெள்ளமில்லாத மாதத்திலும் இந்த ஆபத்து உண்டு. 2010 முதல் மலேசியாவில் மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் இது.

கிருமி தேடிப் போகும் இடம் சிறுநீரகம். அங்கே தினமும் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியை நுண்குழாய்ச் செல்கள் உப்போடு சேர்த்து உள்ளிழுத்துக்கொள்கின்றன. சிறுநீரகம் செலவழிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான்.

கிருமியின் மேலுறைப் புரதங்களை உணர்ந்ததும் அந்தச் செல்களே அழற்சியைக் கிளப்புகின்றன. நைட்ரிக் ஆக்சைடு பெருகுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில், ஆக்சிஜன் சேர வேண்டிய நொதியை அது பிடித்துக்கொள்கிறது. ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து கொடுத்தாலும் செல்லால் சரியாகப் பயன்படுத்த முடிவதில்லை.

கடும் தொற்றில் சிறுநீரகம் செயலிழப்பது ரத்த ஓட்டம் குறைவதால்தான் என்று நெடுங்காலம் கருதினார்கள். மெல்பர்னில் ஆய்வாளர் ரினால்டோ பெல்லோமோ குழுவினர் செம்மறியாடுகளில் செய்த ஆய்வு அந்தக் கருத்தை அசைத்தது. தொற்றுக்குள்ளான ஆடுகளில் சிறுநீரக ரத்த ஓட்டம் கூடியிருந்தது. ஆனாலும் சிறுநீரகம் செயலிழந்தது. ரத்த ஓட்டத்தைக் காக்க, ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு டிரிப் அவசியம்தான். ஆனால் டிரிப் மட்டும் போதாது; அழற்சியைத் தூண்டும் கிருமியை ஆன்டிபயாட்டிக்கால் சீக்கிரம் ஒழிக்க வேண்டும். ஆறுதலான செய்தி, நுண்குழாய்ச் செல்களில் பல செத்துவிடுவதில்லை. வேலையைக் குறைத்து உயிரைக் காத்துக்கொள்கின்றன. அதனால்தான் தக்க நேரத்தில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீள்கிறது.

எனக்குக் கவலை தருவது கெண்டைக்கால் வலி. இந்தக் காய்ச்சலில் அது கடுமையாக இருக்கும். டிக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளத் தோன்றும். இயல்பிலேயே ஆக்சிஜன் குறைவாக உள்ள சிறுநீரகத்தின் உட்பகுதிக்குப் போகும் ரத்தத்தையும் அம்மாத்திரை குறைத்துவிடும். சிறுநீர் தாராளமாகப் போகிறதே என்றும் இருந்துவிடக் கூடாது: இந்த நோயில் சிறுநீரகம் பழுதாகும்போதும் பலருக்குச் சிறுநீர் குறைவதில்லை. வெள்ள நீரிலோ தோட்டத்துச் சேற்றிலோ நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் அதை முதலில் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கக் கேட்க வேண்டும்.