கணக்கேட்டைக் காக்கும் தோலுறை

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கிலே இருக்கிறது. அக்கணக்கின் ஒரு பாதி சங்கத்துப் பேரேட்டில் உள்ளது. மறுபாதி அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள பாஸ் புத்தகத்திலும் நாட்குறிப்பேட்டிலும் உள்ளது. வாங்கிய நூல், கொடுத்த துணி, பெற்ற கூலி, பிடித்தம் செய்த சிக்கன நிதி, ஊற்றிய பால், எடுத்த உரம் ஆகிய யாவும் அதிலே பதிவாகின்றன. தணிக்கையின்போது இவ்விரண்டையும் ஒப்பிடுவதே பிழையைக் காணும் நேர்வழி.

ஆனால் அந்த ஏடு இருக்கும் இடமோ அதற்குப் பகையானது. நெசவாளர் வீட்டில் குழித்தறியின் ஈரமும், கஞ்சி மணத்துக்கு வரும் கரப்பான் பூச்சியும் அதை வாட்டுகின்றன. விவசாயி வீட்டில் சேறும் எண்ணெய்க் கறையும் படிகின்றன. ஒரு சங்கத்தில் நெசவாளர் ஒருவர், தாம் ஒப்படைத்த இரண்டு சேலைகளுக்குக் கூலி வரவில்லை என்று முறையிட்டார். பேரேட்டில் அப்பதிவு இல்லை. அவருடைய புத்தகத்திலோ அந்த மாதத்துத் தாளே பூச்சி அரித்துப் போயிருந்தது. இருப்புப் பதிவேட்டை நாள்வாரியாகப் புரட்டி அவருக்குரிய கூலியைப் பெற்றுத்தர ஏழு வாரங்கள் ஆயின. ஒன்றே கால் சதுர அடித் தோலும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் இத்தகைய தொல்லையைத் தவிர்க்கலாம்.

எத்தகைய தோல்?

தோல் பதனிடுதல் நமக்கு அயலான தொழிலன்று. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களில் அது நெடுங்காலமாக நடந்து வருகிறது. நம் மேட்டு நிலங்களில் தானே முளைக்கும் ஆவாரஞ் செடியின் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரால் பிறநாடுகளில் விலைபோயிற்று. கவலை இறைத்த காலத்தில் சாலின் தோல் வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் நம் ஊர்களின் அருந்ததியர் மக்களே. மின்சாரப் பம்பு வந்தபின் அவ்வேலை அருகியது.

உறைக்கு ஏற்றது, பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல். கனம் 1 மில்லிமீட்டர் அளவில் இருத்தல் நன்று. குரோமியம் உப்பில் பதனிட்ட தோலின் வெட்டோரம் பெரும்பாலும் உள்ளே நீலச்சாம்பல் நிறமாயிருக்கும். பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பாயிருக்கும். முதுகுப் பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். வயிற்றுப் பகுதி நாளடைவில் தளர்ந்து நீளும்.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. நூற்கட்டுக்கு உகந்த தோல் எது என ஆராய்ந்த லண்டன் கலைச் சங்கத்தின் குழு, 1901-ஆம் ஆண்டு அறிக்கையில், நம் கிழக்கிந்தியத் தோல் பல வேலைகளுக்குத் தகுமெனினும் புத்தகங்களுக்கு மிகவும் தகாதது என்று கூறிற்று. ஆவாரம் பட்டையின் துவர்ப்புச் சத்து ஒளியாலும் புகைக்காற்றாலும் சிவந்து, ஆண்டுகள் பல செல்லத் தோலைப் பொடியாக்கிவிடும். ஆதலால் நூறாண்டு காக்க வேண்டிய பத்திரத்துக்கு இத்தோலை ஒட்டிக் கட்டுதல் பொருந்தாது. ஆண்டுதோறும் மாறும் கணக்கேட்டுக்குக் கழற்றி மாட்டும் உறையாகச் செய்தால் குறையொன்றுமில்லை. உறை நலிந்தால் வேறு செய்துகொள்ளலாம்.

செய்யும் முறை

ஏட்டை மூடிவைத்தே அளவெடுக்க வேண்டும்; திறந்து அளந்தால் முதுகுப்புறம் பற்றாமல் போகும். 20 சென்டிமீட்டர் உயரமும் 15 அகலமும் 2 கனமும் உள்ள ஏடு என்று கொள்வோம். இரு அட்டையும் முதுகும் சேர்ந்து 32, தளர்ச்சிக்கு 1, இருபுறமும் உள்ளே மடிக்க 7 வீதம் 14. ஆக நீளம் 47. உயரத்தோடு தையலுக்கும் தளர்ச்சிக்குமாக 1.5 சேர்த்தால் 21.5. முதலில் இவ்வளவில் பழைய தாளை வெட்டி, ஏட்டின்மேல் போர்த்திச் சரிபார்த்த பின்னரே தோலில் கத்தி வைக்க வேண்டும்.

மடிப்புகளை உட்புறம் மடித்து, மேலும் கீழுமாக நான்கு இடங்களில் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளிக் கோடிட்டு, 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குத்தூசியால் துளையிடுக. பல இழை முறுக்கிய பருத்தி நூலைத் தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு எடுத்து, தேன்மெழுகில் இழுத்து, இரு முனையிலும் ஊசி கோக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகச் செல்ல வேண்டும். ஓரிழை அறுந்தாலும் மற்றோரிழை தாங்குவது இத்தையலின் சிறப்பு. ஐயம் எழுந்தால் ஊரிலுள்ள செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கூலி கொடுத்துக் கற்றுக்கொள்வதே முறை.

உள்ளே துணி வைக்க விரும்புவோர் தறியில் மிஞ்சிய துண்டைத் தையலோடு சேர்த்துப் பிடிக்கலாம். மாவுப் பசை வேண்டாம். அது பூச்சியை அழைக்கும். ஓரங்களைச் சிறிது நீரால் நனைத்து, வழவழப்பான மூங்கில் துண்டால் தேய்த்தால் அவை இறுகிப் பளபளக்கும்.

ஈரத் தோலில் இரும்பு படலாகாது. கடுக்காயும் அன்னபேதியும் கூடிக் கறுப்புச் சாயம் ஆவதைச் சாயமிடுவோர் அறிவர். அதே வினையால் தோலிலும் கறை விழும். பொத்தான் வைப்பின் பித்தளையே தகும். நனைந்த உறையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துக. ஆண்டுக்கு இருமுறை சில துளி விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு வெளிப்புறம் மட்டும் தடவினால் போதும். மிகுந்தால் தாளில் ஊறும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

உறை காப்பது தாளை மட்டுமே. துணி கொடுத்த அன்றே பதிவு செய்து, அங்கேயே கையெழுத்துப் பெறுவது அங்கத்தினரின் கடமை. அவர் கேளாமலே கையெழுத்திட்டுத் தருவது செயலாளரின் கடமை. இவ்விரண்டும் நடைபெறும் சங்கத்தில்தான் தோலுறைக்குள் காக்கத்தக்க பொருள் ஒன்று இருக்கும்.