பருத்தியில் சப்பை உதிர்வது ஏன்?
வறட்சியைத் தாங்க உதவும் மரபணுக் குடும்பங்கள்

சின்ன காஞ்சிபுரம் என்றதும் வரதராஜப் பெருமாள் கோயிலும் பட்டுத் தறியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் காஞ்சிபுரம் பட்டுக்கு மட்டுமின்றிப் பருத்திச் சேலைக்கும் பெயர் பெற்ற ஊராகும். பருத்திப் பாவு பூட்டிய தறியில் நூல் அடிக்கடி அறுந்தால், அறுந்த இழைகளைப் பிணைத்த பிறகே நெசவாளர் மேற்கொண்டு நெய்ய முடியும். நூல் அறுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, தறிக்கு வெகு தொலைவில், பஞ்சு விளைந்த காட்டிலேயே ஏற்பட்டுவிடுகிறது.

பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதைத் தோலின் ஒரே ஒரு செல் நீண்டு வளர்ந்ததாகும். பூ மலர்ந்த பின் 20 முதல் 25 நாட்கள் வரை இழை நீள்கிறது. அதன்பின் காய் வெடிக்கும் வரை இழையின் சுவர் தடித்து முற்றுகிறது. முதல் கட்டத்தில் ஈரம் போதாவிட்டால் இழை குட்டையாகும். இரண்டாம் கட்டத்தில் போதாவிட்டால் முற்றாத பஞ்சு கிடைக்கும். இத்தகைய பஞ்சில் நூற்ற நூலுக்கு வலு குறைவு.

காஞ்சிபுரத்தைச் சுற்றிலும் ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் நிலக்கடலையுமே முக்கியப் பயிர்கள். பருத்தியின் பாடு தெரிய வேண்டுமானால் தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் காடுகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி சப்பையும் பூவுமாக நிற்கும்போது வடகிழக்குப் பருவமழை பின்வாங்கத் தொடங்கும். சில நாட்களில் செடியடியில் சப்பையும் பிஞ்சும் உதிர்ந்து கிடக்கும். புழு விழுந்துவிட்டது என்று எண்ணி உடனே மருந்துக் கடைக்குச் செல்லும் விவசாயிகள் உண்டு. செலவு ஏறுகிறது; உதிர்வதோ நிற்பதில்லை. காரணம், பல சமயங்களில் அவற்றை உதிர்ப்பது புழு அன்று, செடியேதான்.

செடி எடுக்கும் முடிவு

ஏரியில் தண்ணீர் குறைந்த ஆண்டில் நீர்க்கட்டி என்ன செய்கிறார்? மதகைப் பாதி அடைக்கிறார். எல்லா நிலத்துக்கும் பாய்ச்சி எல்லாம் காய்வதைவிட, சில நிலங்களை விட்டுவிட்டு மீதியைக் காப்பாற்றுவது மேல் என்று ஊரும் ஒப்புக்கொள்கிறது. பருத்திச் செடி செய்வதும் இதுவே. வேர்ப் பகுதியில் ஈரம் குறையும்போது இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இதனால் நீர் ஆவியாவது குறைகிறது. கூடவே உணவு தயாரிப்பதும் குறைகிறது. இருக்கும் உணவு எத்தனை காய்க்குப் போதுமோ அத்தனையை வைத்துக்கொண்டு மற்றவற்றை உதிர்த்துவிடுகிறது. நன்கு நீர் பாய்ச்சிய வயலில்கூடச் சப்பையிலும் பிஞ்சிலும் பாதிக்கு மேல் உதிர்வது இயல்பு. வறட்சியில் இது இன்னும் கூடும். பூத்துப் பத்து நாட்களுக்கு உட்பட்ட பிஞ்சுகளே அதிகம் உதிர்கின்றன. அதைத் தாண்டிய காய்கள் பெரும்பாலும் நின்றுவிடும்.

பருத்தியிலிருந்தே கிடைத்த விளக்கம்

இந்த உத்தரவு செடிக்குள் எப்படிப் போகிறது என்பதை ஆராய்ந்தவர்களுக்கு முதல் தடயம் பருத்திக் காயிலேயே கிடைத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அடிகாட் என்பவரின் குழுவினர், 1963இல் இளம் பருத்திக் காய்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். காய் உதிர்வதைத் தூண்டும் பொருள் அது என்று கருதினர். இன்று அதற்கு அப்சிசிக் அமிலம் என்று பெயர். உதிர்ப்பதில் எத்திலீன் என்னும் வாயுவுக்கே பெரும் பங்கு என்பதும், அப்சிசிக் அமிலத்தின் தலையாய வேலை இலைத்துளைகளை மூடச் செய்வதே என்பதும் பின்னர் தெளிவாயின.

இரண்டாம் தடயம் பருத்தி விதையில் கிடைத்தது. விதை முற்றும்போது அதன் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குக் குறைந்தாலும் உள்ளிருக்கும் கரு சாவதில்லை. கரு முதிரும் கடைசிக் கட்டத்தில் சில புரதங்கள் ஏராளமாக உண்டாவதை, 1981இல் அமெரிக்காவின் லியான் டூர் குழுவினர் பருத்தி விதையில் கண்டறிந்தனர். இவற்றை லியா புரதங்கள் என்கின்றனர். செல்லுக்குள் நீர் வற்றும்போது மற்றப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுவிடாமல் இவை காக்கின்றன. வறட்சி வந்தால் இதே வகைப் புரதங்கள் இலையிலும் வேரிலும் உண்டாகின்றன என்பது பின்னர் தெரியவந்தது.

குடும்பம் என்பது என்ன?

ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு உண்டு. ஒரே மூலத்திலிருந்து பெருகி, ஒத்த வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் மரபணுக்களின் கூட்டமே மரபணுக் குடும்பம். அண்ணன் தம்பிகளைப் போல, சாயல் ஒன்றாக இருந்தாலும் ஒன்று வேரில் வேலை செய்யும், மற்றொன்று விதையில். ஒன்று வறட்சிக்கு விழிக்கும். மற்றொன்று உப்புக்கோ வெப்பத்துக்கோ விழிக்கும். டி.ஆர்.இ.பி., நாக், டபிள்யூ.ஆர்.கே.ஒய். ஆகிய குடும்பங்கள் உத்தரவிடும் பிரிவு. லியா, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் ஆகியவை களத்தில் வேலை செய்யும் பிரிவு.

நம் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி ஓர் இனத்தின் மரபுத் தொகுதியை மட்டுமே கொண்டது. இதில் லியா மரபணுக்கள் 136 என 2018இல் கணக்கிடப்பட்டது. கம்போடியா வகையான அமெரிக்கப் பருத்தியோ இரண்டு இனங்கள் இயற்கையாகக் கலந்து உண்டானது. அதில் 242 உள்ளன. எண்ணிக்கை கூடுதலாக இருப்பதால் தாங்கும் சக்தியும் கூடுதல் என்று கொள்ளக்கூடாது. ஆழமாக வேர்விடும் கருங்கண்ணியே மானாவாரியில் பேர்பெற்றது. ஆனால் அதன் இழை குட்டை; முரடு. 1974இல் வெளியான சுவின் ரகத்தின் இழையில் நூறாம் நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய நூலே நூற்கலாம். அதற்குப் பாசனம் தவறக்கூடாது. தாங்கும் சக்தியையும் நல்ல இழையையும் ஒரே செடியில் சேர்ப்பதுதான் கோவை, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையங்களின் நெடுநாளைய பணி. எல்.ஆர்.ஏ. 5166, கே.சி. 2, கே.சி. 3 ஆகியவை அம்முயற்சியில் விளைந்த ரகங்கள்.

ஒரே மரபணு போதுமா?

காய்ப்புழுவுக்கு பி.டி. மரபணு வந்ததுபோல் வறட்சிக்கும் ஒன்றைப் புகுத்தக்கூடாதா என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில், புழுவின் குடலைத் தாக்கும் ஒரு நஞ்சை உண்டாக்க ஒரு மரபணு போதுமானதாக இருந்தது. வறட்சி அப்படிப்பட்டதன்று. வேர், இலைத்துளை, சப்பை, இழை என எல்லாவற்றையும் பல குடும்பங்கள் சேர்ந்து நடத்துகின்றன. இலைத்துளையை விரைவில் மூடும் செடி பிழைக்கும். ஆனால் காய் குறையும். தாமதித்து மூடும் செடி காய்க்கும். மழை வராவிட்டால் வாடும். எனவே பி.டி. விதை என்பதாலேயே அது வறட்சியையும் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விவசாயிகள் கவனத்துக்கு

1. உதிர்ந்த சப்பையைக் கையிலெடுத்துப் பாருங்கள். துளையும் புழுவின் எச்சமும் இருந்தால் புழு. துளையில்லாமல் காம்படியில் சுத்தமாகக் கழன்றிருந்தால் முதலில் மண் ஈரத்தைப் பாருங்கள். தொடர் மேகமூட்டமும் நீர் தேங்குவதும்கூட இப்படி உதிர்க்கும். இதற்குப் பூச்சி மருந்து வீண் செலவு.

2. மானாவாரி விதையை ஒரு சத புங்க இலைக் கரைசலில் (ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் இலைத்தூள்) 8 மணி நேரம் வரை ஊறவைத்து, நிழலில் பழைய ஈர அளவுக்கு உலர்த்தி விதைக்கலாம். இதற்கு விதைக்குச் சம அளவு கரைசல் போதும். கடினப்படுத்திய விதையைப் பருவமழைக்குச் சற்று முன்னதாகவே விதைத்தால், சப்பை வைக்கும் நாட்கள் ஈரமுள்ள காலத்தில் அமையும்.

3. 60ஆம் நாளும் 90ஆம் நாளும் லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் நாப்தலின் அசிட்டிக் அமிலம் தெளித்தால் உதிர்வது குறையும். காம்படியில் பிரிவு விழாமல் தடுக்கும் ஹார்மோன் வகை இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி பிளஸ் கலவையைப் பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஏக்கருக்கு 2.5 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் தெளிக்கலாம்.

4. பண்ணைக் குட்டையில் ஒரே ஒரு தண்ணீர்தான் இருக்கிறது என்றால், அதைப் பூத்துக் குலுங்கும் நாட்களுக்கு வையுங்கள். அந்தச் சில வாரங்களில்தான் காயின் எண்ணிக்கையும் இழையின் நீளமும் முடிவாகின்றன.

தெளிப்பு எதுவும் ஈரத்துக்கு ஈடாகாது. செடி தன் மதகை அடைக்குமுன் மண்ணில் ஈரம் இருக்கச் செய்வதே விவசாயி செய்யக்கூடிய முதல் உதவி. அதன் பலன் களத்தில் பஞ்சு எடையிலும், பிறகு தறியில் அறாத நூலிலும் தெரியும்.