பிரான்ஸின் துப்பாக்கியும் பிரஷ்யாவின் பீரங்கியும்

யுத்தத்தில் தோற்ற தேசத்தைப் பற்றிப் பேசுவோர், அதன் ஆயுதம் மட்டமானது என்று கூறி விஷயத்தை முடித்துவிடுவது வழக்கம். 1870-ஆம் வருஷத்தில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட யுத்தத்தைக் குறித்து அவ்விதம் கூறுவதற்கில்லை. பிரெஞ்சுச் சிப்பாயின் கையிலிருந்த துப்பாக்கி எதிரியின் துப்பாக்கியைவிட எவ்வளவோ மேலானது. அப்படியிருந்தும், யுத்தம் தொடங்கிய ஏழு வாரங்களுக்குள் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் தமது சைன்யத்துடன் சிறைப்பட்டார்.

இதன் வித்து 1866-இல் ஊன்றப்பட்டது. அவ்வருஷம் ஜூலை 3-ந் தேதி கோனிக்ரேட்ஸ் களத்தில், ஆஸ்திரியச் சிப்பாய்கள் நின்றபடி குழாயின் வாய்வழியே மருந்து கெட்டித்துக்கொண்டிருக்கையில், பிரஷ்யர்கள் தரையில் படுத்தவாறே டிரைஸேயின் ஊசித் துப்பாக்கியில் பின்புறமாகத் தோட்டாவைச் செருகிச் சுட்டார்கள். ஐரோப்பா முழுவதும் அந்தத் துப்பாக்கியைப் பற்றியே பேச்சு. ஆனால் அதே களத்தில் ஆஸ்திரியரின் பீரங்கிகள் பிரஷ்யரின் பீரங்கிகளைவிடத் திறமையாக வேலை செய்தன. வென்றவர்கள் அதை மறக்கவில்லை. எஸ்ஸென் நகரத்துக் க்ருப் தொழிற்சாலையின், பின்புறம் குண்டு இடும் உருக்குப் பீரங்கிகளைக் கொண்டு தங்கள் பீரங்கிப் படையைப் புதுப்பித்தார்கள்.

பிரான்ஸ் துப்பாக்கிப் பாடத்தை மட்டும் படித்தது; அதை நன்றாகவே படித்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1866-இல் அது ஏற்றுக்கொண்ட ஷாஸ்போ துப்பாக்கியில் பின்வாயை ரப்பர் வளையம் அடைத்தது. டிரைஸே துப்பாக்கியிலோ அவ்விடத்தில் புகையும் நெருப்பும் கசிந்து சுடுகிறவனின் முகத்தில் அடிக்கும். டிரைஸேயின் வீச்சு ஏறக்குறைய 600 மீட்டர். ஷாஸ்போவின் வீச்சு அதற்கு இரு மடங்கு. ஆனால் பீரங்கியில் பிரெஞ்சுக்காரர்கள் வாய்வழி கெட்டிக்கும் வெண்கலத்தையே கட்டிக்கொண்டு அழுதார்கள். 1859-இல் ஸோல்பெரினோவில் ஜெயித்துக் கொடுத்த பீரங்கியல்லவா! 1867-இல் பாரிஸ் பொருட்காட்சிக்கு க்ருப் ஏறக்குறைய 50 டன் எடையுள்ள உருக்குப் பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜனங்கள் சுற்றி நின்று வியந்தார்கள், சர்க்கார் விழித்துக்கொள்ளவில்லை.

மித்ரயேஸ் என்ற 25 குழல் யந்திரத் துப்பாக்கியின் கதை இதனினும் பரிதாபமானது. அதை மிகவும் ரகசியமாகச் செய்து வைத்தார்கள். எவ்வளவு ரகசியமென்றால், அதைப் பிரயோகிக்க வேண்டிய சிப்பாய்களிற் பலர் யுத்தம் வந்த பிறகே அதைக் கண்ணால் பார்த்தார்கள். காலாட்படையோடு சேர்ந்து நிற்க வேண்டிய அதனைப் பீரங்கியைப் போலத் தூரத்தில் நிறுத்தினார்கள். பிரஷ்யப் பீரங்கிகள் அதைத் தேடி அடித்தன. எதிரிக்குத் தெரியாமலிருக்க வேண்டுமென்று தன் சேனைக்கே தெரியாமல் ஓர் ஆயுதத்தை மறைத்து வைத்த ராஜதந்திரத்தை என்னவென்பது!

1870 ஆகஸ்டு 18-ந் தேதி ஸேன் பிரிவா கிராமத்தின் முன் ஷாஸ்போ தன் கைவரிசையைக் காட்டியது. வெட்டவெளியான சரிவில் ஏறிய பிரஷ்யக் காவற்படையில் 8,000 பேருக்குமேல் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தார்கள். பிறகு பீரங்கிகள் முன்னே கொண்டுவரப்பட்டன; கிராமம் தீப்பற்றி எரிந்தது; மாலையில் அது பிரஷ்யர் வசமாயிற்று. க்ருப் குண்டு தரையில் மோதியவுடன் வெடிக்கும். பிரெஞ்சுக் குண்டின் திரியோ பெரும்பாலும் இரண்டே தூரங்களுக்கு அமைக்கப்பட்டது. மற்றத் தூரங்களில் குண்டு ஆகாயத்தில் வீணே வெடித்தது. செப்டம்பர் 1-ந் தேதி ஸெடானைச் சுற்றிய குன்றுகளில் சுமார் 500 ஜெர்மன் பீரங்கிகள் நின்று முழங்கின. நடுவில் அகப்பட்ட சைன்யம் மறுநாள் சரணடைந்தது.

அதன்பின் பாரிஸ் முற்றுகையிடப்பட்டது. சர்க்கார் செய்யத் தவறியதை ஜனங்கள் செய்யப் புகுந்தார்கள். நகரவாசிகள் சந்தா திரட்டிப் பீரங்கிகள் வார்ப்பித்தார்கள். விக்டர் ஹ்யூகோவின் கவிதைகளை மேடையில் வாசித்துச் சேர்ந்த பணத்திலும் பீரங்கி வார்க்கப்பட்டது. ஒன்றுக்கு அவர் பெயரையே இட்டார்கள். இவை தங்கள் காசில் வந்தவை, தங்களுடையவை என்பது பாரிஸ் ஜனங்களின் எண்ணம். 1871 ஜனவரி 28-ந் தேதி சமாதானம் பேசியவர்கள் அவ்விதம் எண்ணவில்லை. மார்ச்சு 18-ந் தேதி விடியுமுன் மோன்மார்த்தர் குன்றிலிருந்த அப்பீரங்கிகளைப் பிடுங்கிவர தியேரின் சர்க்கார் பட்டாளத்தை அனுப்பிற்று. இழுத்துச் செல்லப் போதிய குதிரைகள் உரிய வேளையில் வந்து சேரவில்லை. அதற்குள் பெண்களும் குழந்தைகளும் விழித்து வந்து பீரங்கிகளைச் சூழ்ந்துகொண்டார்கள். சுடும்படி உத்தரவு பிறந்தது. சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். பாரிஸ் கம்யூன் அன்று பிறந்தது.