வீட்டு முன்பணம்

வீட்டு முன்பணம் என்பது, ஒரு வீட்டின் விலையில் வங்கிக் கடன் போக எஞ்சியிருக்கும், வாங்குபவர் தம் கையிலிருந்து செலுத்த வேண்டிய தொகை ஆகும். வங்கிகள் இதனை மார்ஜின் தொகை என அழைக்கின்றன. வாடகை வீட்டுக்கு உரிமையாளரிடம் கொடுத்து வைக்கும் தொகைக்கும், வீட்டை முன்பதிவு செய்யும்போது கட்டுநரிடம் கொடுக்கும் தொகைக்கும் தமிழகத்தில் இதே சொல்லே வழங்குகிறது. இக்கட்டுரையில் அச்சொல் முதலில் கூறிய பொருளில் மட்டுமே ஆளப்படுகிறது.

முதன்முறையாக வீடு வாங்குவோருக்கு மாதத் தவணையைக் காட்டிலும் இத்தொகையே பெரும் தடையாக அமைகிறது. மாதம் முப்பதாயிரம் ரூபாய் செலுத்தக்கூடிய வருமானம் இருந்தாலும், பத்துப் பதினைந்து இலட்சம் ரூபாயை ஒரே நேரத்தில் திரட்டுவது இளம் பணியாளர் பலருக்கு இயல்வதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் சிறுசேரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இராஜீவ் காந்தி சாலையை (பழைய மாமல்லபுரம் சாலை) ஒட்டிய இவ்வூரில் சிப்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தபின், சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றை வாங்குவோரில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். சேமிப்பு குறைவு, சம்பளச் சான்று வலுவானது.

கடனின் உச்ச வரம்பு

வீட்டு மதிப்பில் எவ்வளவு விழுக்காடு கடனாகத் தரலாம் என்பதை இந்திய ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. 2015 அக்டோபர் மாதச் சுற்றறிக்கையின்படி, 30 இலட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு மதிப்பில் 90 விழுக்காடும், 30 முதல் 75 இலட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் உச்ச அளவாகும்.

இப்படிநிலைகளில் கவனிக்கத்தக்க ஒரு விளைவு உண்டு. 33.33 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு 90 விழுக்காடு, அதாவது 30 இலட்சம் கடன் கிடைக்கும். 37.5 இலட்சம் ரூபாய் வீட்டுக்கும் 80 விழுக்காடு என்பது அதே 30 இலட்சம்தான். ஆகவே இவ்விரு விலைகளுக்கும் இடையில் கூடும் ஒவ்வொரு ரூபாயும் முழுவதும் வாங்குபவரின் கையிலிருந்தே வர வேண்டும். முன்பணம் 3.33 இலட்சத்திலிருந்து 7.5 இலட்சமாக இரட்டிப்புக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. விலை பேசும்போது இதனைக் கணக்கிடுவோர் குறைவு.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றை வீட்டு மதிப்பில் சேர்க்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியாகும். 10 இலட்சம் ரூபாய்க்கு மிகாத வீடுகளுக்கு மட்டும் 2015இல் விலக்கு அளிக்கப்பட்டது. எனவே இச்செலவுகள் முன்பணத்துக்கு மேற்பட்டவை.

தமிழகத்தில் பதிவுச் செலவு

தமிழகத்தில் 2017 சூன் மாதம் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய அளவுக்கு உயர்த்தப்பட்டு, கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆண்டு திசம்பர் 1 முதல், புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையை நிலத்தின் பிரிக்கப்படாத பங்கு, கட்டடம் இரண்டும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதியும் முறை வந்தது. இதில் 50 இலட்சம் ரூபாய் வரை மொத்தம் 6 விழுக்காடும், 50 இலட்சம் முதல் 3 கோடி வரை 7 விழுக்காடும் செலுத்த வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 இலட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. இராஜீவ் காந்தி சாலைக் குடியிருப்புகளுக்கு இச்சலுகை எட்டாது.

எடுத்துக்காட்டாக, கட்டுமானத்தில் உள்ள 50 இலட்சம் ரூபாய் வீடு ஒன்றைக் கொள்வோம். கடன் 40 இலட்சம். முன்பணம் 10 இலட்சம். விலையும் கூட்டு மதிப்பும் ஒத்திருப்பின் பதிவுச் செலவு 3 இலட்சம். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 2019 ஏப்ரல் முதல் உள்ள 5 விழுக்காட்டுச் சரக்கு சேவை வரி 2.5 இலட்சம். ஆக, கையில் 15.5 இலட்சம் தேவை. பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இவ்வரி இல்லை. மொத்த விலை 45 இலட்சத்துக்கு மிகாத சிறிய வீடுகளுக்கு வரி 1 விழுக்காடு.

முன்பணத்தைத் திரட்டும் வழிகள்

அமெரிக்காவில் மாநில வீட்டுவசதி நிதி முகமைகள் முன்பணத்துக்கென்றே நிதியுதவியோ இரண்டாம் அடமானக் கடனோ வழங்குகின்றன. கூட்டரசின் காப்புறுதி பெற்ற கடன்களில் 3.5 விழுக்காடு முன்பணமே போதும். இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை நடந்த திட்டம் ஒன்றில், இலண்டனுக்கு வெளியே புதிய வீட்டு விலையின் 20 விழுக்காடு வரை அரசே பங்குக் கடனாகத் தந்தது. இந்தியாவில் நடுத்தர வருமானத்தாருக்கு இத்தகைய நேரடி உதவி இல்லை. இங்கு அரசின் உதவி கடன் கிடைத்த பிறகே வருகிறது.

முன்பணத்துக்கு நேரடியாகப் பயன்படும் முறையான வழி வருங்கால வைப்பு நிதியாகும். 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் 68பி பத்தி, ஐந்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர் வீடு வாங்கவோ கட்டவோ பணம் எடுக்க வழி செய்தது. 2025 அக்டோபரில் நிதியின் மத்திய அறங்காவலர் குழு, பணம் எடுப்பதற்கான பல்வேறு விதிகளை ஒருங்கிணைத்துத் தளர்த்த முடிவெடுத்தது. சிங்கப்பூரில் மத்திய சேமநிதியை வீடு வாங்கப் பயன்படுத்தும் முறை 1968 முதல் உள்ளது. அங்கு அதுவே வீட்டுக் கொள்கையின் அடித்தளம். இங்கு ஓய்வுக்காலச் சேமிப்பில் விழும் ஓட்டையாகவே பலரால் பார்க்கப்படுகிறது. இரண்டு பார்வைகளுக்கும் நியாயம் உண்டு.

நகைக்கடனும் தனிநபர் கடனும் நடைமுறையில் பரவலான வழிகள். ஆனால் வங்கி, விண்ணப்பதாரரின் எல்லாத் தவணைகளையும் கூட்டியே வீட்டுக் கடனின் அளவைத் தீர்மானிக்கும். 40 இலட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய். முன்பணத்துக்காக 5 இலட்சத்தை 12 விழுக்காட்டில் ஐந்தாண்டுத் தனிநபர் கடனாகப் பெற்றால் மேலும் 11,100 ரூபாய் சேரும். கட்டுமானம் முடியும் வரை வாடகையும் உடன் ஓடும்.

கட்டுநர் வட்டி செலுத்தும் திட்டங்கள்

"20 விழுக்காடு இப்போது, மீதி சாவி பெறும்போது" என்ற வகை விளம்பரங்கள் முன்பணச் சிக்கலுக்குத் தீர்வு போலத் தோன்றுபவை. இவற்றில் வாங்குபவர் ஒரு சிறு பகுதியைச் செலுத்துவார். மீதியை வங்கி, வாங்குபவரின் பெயரில் கடனாகக் கட்டுநரிடம் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கொடுத்துவிடும். வீடு ஒப்படைக்கும் வரை அக்கடனின் வட்டியைக் கட்டுநர் செலுத்துவார்.

இங்கு கடனாளி யார் என்பதே முதன்மையான கேள்வி. கட்டுநர் வட்டி செலுத்துவதை நிறுத்தினால், வங்கி கேட்பது வாங்குபவரைத்தான். வீடு எழும்பாத நிலையிலும் தவணை தொடங்கும். கடன் மதிப்பெண் குறையும். பணம் முழுவதையும் முன்கூட்டியே பெற்ற கட்டுநருக்குப் பணியை விரைந்து முடிக்கும் கட்டாயமும் குறைகிறது.

இதனால் 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் தொகையைக் கட்டுமான நிலைகளுக்கேற்பவே விடுவிக்க வேண்டும் என வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. 2019 சூலையில் தேசிய வீட்டுவசதி வங்கி, வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் இத்தகைய திட்டங்களைத் தவிர்க்க வேண்டும் என்றது. தில்லி சுற்றுவட்டாரத்தில் இவ்வகைக் கடன்களில் சிக்கியோரின் வழக்கில், 2025இல் உச்ச நீதிமன்றம் கட்டுநர்கள், வங்கிகள் ஆகியோரிடையேயான தொடர்பை விசாரிக்க மத்தியப் புலனாய்வுத் துறைக்கு உத்தரவிட்டது.

2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வேறு வகையில் பாதுகாப்பு அளிக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதியாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் பெறக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும்.

வட்டி மானியம்

2015 சூன் 25 அன்று தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், ஆண்டு வருமானம் 18 இலட்சம் வரை உள்ளோருக்குக் கடனுடன் இணைந்த வட்டி மானியம் இருந்தது. 6 இலட்சம் வரை வருமானம் உள்ளோர் ஏறத்தாழ 2.67 இலட்சம் வரை பெற்றனர். நடுத்தர வருமானப் பிரிவினருக்கு 2021 மார்ச்சிலும், மற்றவர்களுக்கு 2022 மார்ச்சிலும் இது முடிவுற்றது. மானியம் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டதால் தவணை குறைந்ததேயன்றி, முன்பணச் சுமை குறையவில்லை.

2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வருமான வரம்பு 9 இலட்சம், வீட்டு மதிப்பு 35 இலட்சம், கடன் 25 இலட்சம் ஆகும். முதல் 8 இலட்சம் கடனுக்கு 4 விழுக்காடு மானியம் உண்டு. உச்ச அளவான 1.80 இலட்சம் ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். குடும்பத்தில் எவருக்கும் இந்தியாவில் எங்கும் நிலையான வீடு இருக்கக் கூடாது. கணவன் மனைவி இருவரும் பணிபுரியும் மென்பொருள் குடும்பம் பெரும்பாலும் வருமான வரம்பிலேயே வெளியேறிவிடும். அலுவலக வளாகங்களின் காவலர், ஓட்டுநர், உணவகப் பணியாளர் ஆகியோர் வருமான வரம்புக்குள் வருவர். ஆனால் 35 இலட்சத்துக்குள் வீடு கிடைப்பதும், அதற்கான முன்பணமும் அவர்களுக்குக் கடினம்.

கடன் முடிந்த பின்

2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ வீதம் போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்படுகின்றன. தனிநபர்களின் இவ்வகைக் கடன்களை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடன் முழுவதும் அடைந்தபின் 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்னும் விதி 2023 திசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.