ஈமத்தாழியும் கோயிற் கொடையும்

பண்டைத் தமிழர் பொன்னையும் பிற உலோகங்களையும் இறந்தோர்க்கும் இறைவனுக்கும் படைத்தனர். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டை அலெக்சாந்தர் இரே என்பார் 1899 முதல் அகழ்ந்தார். பொன்னாலாய நெற்றிப்பட்டங்களும் இரும்பு வேல், வாள் முதலியனவும் ஆங்குக் கிடைத்தன. அவற்றோடு புதைக்கப்பட்டோர் பெயரை அறியோம்.

தஞ்சைப் பெருங்கோயிலில் நிலை இதற்கு மாறானது. முதலாம் இராசராசன் அளித்த பொற்கலங்களும் அணிகளும் எடையோடு கல்லிற் பொறிக்கப்பட்டன. கல்வெட்டு நின்றது, பொன்னோ பெரும்பாலும் மறைந்தது.

பொருளும் எழுத்தும் ஒருங்கே வாய்த்த இடம் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்த ஈமக்குழியில், எலும்புக்கூட்டுடன் சிறு வெண்கல முத்திரையொன்று வெளிப்பட்டது. குறியீடுகளும் பிராமி எழுத்துக்களும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. இறந்தார் அருகிற் கிடந்தமையாலேயே அது சான்றாயிற்று. இடமறியாது தோண்டி விற்கப்படின், அதுவும் வெறும் வெண்கலத் துண்டாகவே எஞ்சியிருக்கும்.