கைமாற்றுக் குறிப்பு என்னும் பிரதி

கைமாற்று என்றால் நம் ஊர்களில் கடன். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, ஆளைத் தெரியும் என்பது ஒன்றே பிணை. செய்துகொண்டிருந்த வேலையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்த நேர்வது தற்செயல்தான். ஆனால் பொருந்திப் போகிறது. ஆளைத் தெரியாதபோது, ஏன், ஆளே இல்லாதபோது கைமாற்று எப்படி நடக்கும்?

2025இல் பரவலாகிவிட்ட நிரல் எழுதும் ஏஜெண்டுகளை (கிளாட் கோட், கோடெக்ஸ் முதலானவை) பயன்படுத்துகிறவர்களுக்கு இது தத்துவக் கேள்வி அல்ல, சாயங்கால நேரத்துத் தலைவலி. ஏஜெண்ட் என்பது ஒரு மொழி மாதிரி. கோப்புகளைப் படிக்க, மாற்ற, கட்டளைகளை ஓட்ட அதன் கையில் சில கருவிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஞாபகம் என்று தனியாக எதுவும் அதற்குக் கிடையாது. அது ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் அதுவரை நடந்த உரையாடல், படித்த கோப்புகள், ஓட்டிய கட்டளைகளின் விளைவுகள் எல்லாம் முதலிலிருந்து அதன் முன் வைக்கப்படுகின்றன. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையே அது வாசித்துத்தான் தெரிந்துகொள்கிறது.

அந்த வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு. சூழல் சாளரம் என்கிறார்கள். சில மாதிரிகளில் 2 லட்சம் டோக்கன், சிலவற்றில் 10 லட்சம். (ஒரே விஷயத்தைத் தமிழில் சொன்னால் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் செலவாகும். இதன் அரசியலைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) எல்லைக்குள் இருப்பதெல்லாம் ஒரே சீராகக் கவனிக்கப்படுகிறது என்றும் சொல்ல முடியாது. நீண்ட பிரதியின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை மாதிரிகள் நன்றாகப் பிடித்துக்கொள்வதையும், நடுவில் கிடப்பதை நழுவவிடுவதையும் 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சாளரம் நிரம்பும்போது இரண்டு வழி. கருவியே இதுவரை நடந்ததைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு மேலே போகும். அல்லது நாம் அமர்வை முடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். புதிய அமர்வுக்குத் தெரிந்ததெல்லாம் வட்டில் கிடப்பவைதான்: நிரல், கிட் வரலாறு, நாம் எழுதிவைத்த நிரந்தர அறிவுறுத்தல்கள், முந்தைய அமர்வு கிளம்பும்போது எழுதிவிட்டுப் போன குறிப்பு.

1960களின் இறுதியில் ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தபோது நம்மில் பலர் அதை ஒரு வாசிப்பு முறையாக எடுத்துக்கொண்டோம். இங்கே ஆசிரியன் உண்மையாகவே இல்லை. 'இந்த வரியில் என்னப்பா சொல்ல வந்தே' என்று கேட்கப் போன் நம்பர் கிடையாது.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். மறைந்துபோன நண்பர் ஒருவரின் சிறுகதைகள் 1990களின் கடைசியில் அன்றைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஏஜெண்டிடம் நிரல் எழுதச் சொன்னேன். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்துகள் பதிவாகியிருக்கும். கொம்பு முதலில், பிறகு மெய். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். இதைத் திருப்பிப்போடுவது சுலபம். சிக்கல் ஔகாரத்தில். அதன் வலப்பக்கக் குறியும் ளகரமும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் கௌரவம் என்பதைக் 'கெளரவம்' என்றே எல்லாரும் அடித்தார்கள், நண்பரும்தான். கொம்பு, மெய், ள என்று வந்தால் ஔகாரமாக்கு என்று பொது விதி போட்டால் வெள்ளம் கெட்டுப்போகும். ளகரத்தின் மேல் புள்ளியோ பக்கத்தில் வேறு குறியோ இருந்தால் தொடாதே என்று விதியைத் திருத்தலாம். வெள்ளம் தப்பிக்கும். 'வெளக்கு' தப்பிக்காது. 'வெளங்காத பய' தப்பிக்க மாட்டான்.

முதல் அமர்வில் இதையெல்லாம் ஏஜெண்டும் நானும் பேசினோம். பொது விதியைப் போட்டுப் பார்த்து, பாட்டி பேசுகிற இடங்களில் அடிவாங்கி, கைவிட்டோம். கௌரவம், மௌனம், வௌவால் என்று தெரிந்த சொற்களை மட்டும் பட்டியலிட்டு மாற்றுவது என்று முடிவானது. அமர்வு முடிவில் அது எழுதிய குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: 'ஔகாரம் சரிசெய்யப்பட்டது. சோதனைகள் அனைத்தும் தேறின.'

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மறுநாள் திறந்த அமர்வு 'பெளர்ணமி' மாறாமல் கிடப்பதைப் பார்த்தது. பட்டியலில் அந்தச் சொல் விடுபட்டிருந்தது. முந்தைய ஆள் அரைகுறையாகச் செய்திருக்கிறான் என்று நினைத்ததுபோல, பட்டியலைத் தூக்கிவிட்டுப் பொது விதியைப் போட்டது. புள்ளி விலக்கையும் அதுவாகவே கண்டுபிடித்துச் சேர்த்தது. கெட்டிக்காரத்தனத்தில் குறையில்லை. வெள்ளம் இருந்த சோதனைகள் தேறின. நாலு நாள் கழித்து அச்சுக்கு முந்திய படியில் ஒரு கிழவி 'வௌக்க ஏத்து' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் பதினோரு கதைகள் அந்த நிரல் வழியே போய்வந்துவிட்டன. மூலக்கோப்புகளின் மேலேயே எழுதாதே என்று நான் முதல் அமர்வில் வாய்ச்சொல்லாகச் சொன்னதும் குறிப்பில் ஏறவில்லை. நண்பரின் மனைவி ஒரு பழைய குறுந்தகட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் பிழைத்தேன்.

எது அழிந்தது என்று கவனியுங்கள். எழுத்துத்தமிழ் ஒன்றும் ஆகவில்லை. அகராதியில் இடமில்லாத பேச்சுதான் அடிபட்டது. கைவிட்ட வழிகள் குறிப்பிலிருந்து விடுபடும்போது விளிம்பில் இருப்பவைதான் முதலில் பலியாகின்றன. ஏனென்றால் வழிகள் கைவிடப்பட்டதே அவற்றின் பொருட்டுத்தான்.

டென்மார்க்கின் கணிப்பொறியியலாளர் பீட்டர் நௌர் (அவர் பெயரிலேயே ஔகாரம், என்ன செய்ய) 1985இல் எழுதிய கட்டுரையில் நிரலாக்கம் என்பது ஒரு கோட்பாட்டைக் கட்டுவது என்று வாதிட்டார். நிரல் வரிகளும் ஆவணங்களும் அதன் எச்சங்கள். கோட்பாடு எழுதியவர்களின் தலைக்குள் இருக்கிறது. அந்தக் குழு கலைந்தால் நிரல் செத்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும் என்பது அவர் தரப்பு. ஒரு குழு எழுதிய கம்பைலரை முழு ஆவணங்களோடு வாங்கிக்கொண்ட இன்னொரு குழு, அதன் அமைப்பையே குலைக்கும் மாற்றங்களை முன்வைத்ததை உதாரணமாகக் காட்டுகிறார். நௌரின் காலத்தில் குழு கலைய வருஷக்கணக்காகும். இப்போது ஒரு மத்தியானத்தில் கலைந்துவிடுகிறது. அவருடைய அவநம்பிக்கையை நான் முழுதாக ஏற்கவில்லை. கோட்பாடு முழுசாகக் கைமாறாது, சரி. எங்கே கால் இடறும் என்பதையாவது மாற்றிவிட முடியும்.

குறிப்பு இருந்தும் பலனில்லாமல் போவது இன்னொரு வகை. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் செத்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்ட்டில் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள், மாலைக்குள் வேலை முடியவில்லை. அதற்கான அனுமதிச்சீட்டு எழுதப்பட்டே இருந்தது. பம்பின் பராமரிப்புக்கு ஒரு சீட்டு, வால்வுக்கு வேறொரு சீட்டு. இரண்டும் ஒன்றையொன்று சுட்டவில்லை. மாற்று பம்ப் நின்றபோது இரவு ஷிப்ட்காரர்கள் வால்வு இல்லாததை அறியாமல் இதை ஓட்ட முயன்றார்கள். பின்னர் விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் 1990 அறிக்கை கைமாற்றின் இந்த ஓட்டையை விரிவாகப் பேசுகிறது. என் பதினோரு கதைகளை இதன் பக்கத்தில் வைப்பது அபத்தம்தான். ஆனாலும் சீட்டு எழுதினோம் என்பதும், தேவைப்படும் கணத்தில் தேவைப்படும் ஆள் கண்ணில் அது பட்டது என்பதும் வேறு வேறு சங்கதி.

ஏஜெண்ட் எழுதும் குறிப்புகளின் மொழியையும் கவனிக்க வேண்டும். 'முடிவு செய்யப்பட்டது', 'நீக்கப்பட்டது' என்று எல்லாமே செயப்பாட்டு வினை, அரசாணை மாதிரி. முடிவு செய்தது யார்? நான் சொன்னதா, அதுவே ஊகித்ததா? ஓட்டிப் பார்த்ததா, ஓடும் என்று நம்பியதா? எழுவாய் காணாமல் போகும்போது ஊகமும் கட்டளையும் ஒரே அதிகாரத்தோடு அடுத்த அமர்வுக்குப் போய்ச் சேர்கின்றன. சுருக்கத்தின் சுருக்கத்தில் இது இன்னும் மோசம். 'அநேகமாக' என்ற சொல்தான் முதலில் உதிர்கிறது.

ஆகவே இப்போதெல்லாம் சாளரம் நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. ஒரு கட்டம் முடிந்ததும் கிட்டில் பதியச் சொல்லி, குறிப்பை எழுதவைத்து, நானே வாசித்துத் திருத்துகிறேன். செய்து பார்த்துக் கைவிட்டவை, ஏன் கைவிட்டோம் என்பதோடு, முதலில் வர வேண்டும். தேறியது என்றால் எந்தக் கட்டளை, என்ன வெளியீடு என்று இருக்க வேண்டும். நான் விதித்த தடைகள் என் வாக்கியத்திலேயே, சுருக்காமல், நிரந்தர அறிவுறுத்தல் கோப்பில். குறிப்பும் நிரலும் முரண்பட்டால் நிரலை நம்பு என்பதும் அதிலேயே.

இன்னொன்றை மருத்துவமனைகளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நோயாளியைக் கைமாற்ற ஐ-பாஸ் என்ற முறையை ஒன்பது மருத்துவமனைகளில் பழக்கியபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கேட்டுக்கொண்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. புதிய அமர்வு எதையும் தொடுமுன் நிலைமையைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்கிறேன். போன வாரம் அது பட்டியலை 'தற்காலிக ஏற்பாடு' என்றது. குறிப்பில் அப்படி எங்கும் இல்லை. இல்லப்பா, அதுதான் ஏற்பாடு என்று திருத்தினேன். பௌர்ணமியைப் பட்டியலில் சேர்த்தாயிற்று. குறுந்தகட்டிலிருந்து எடுத்த கதைகளில் ஏழு மறுபடி போய்வந்திருக்கின்றன, நாலு பாக்கி. பாட்டி வருகிற பக்கங்களை நான் கண்ணால் படிக்கிறேன்.