முதல் பிபி துப்பாக்கி: வேகம் குறைந்ததைத் தேடுங்கள்

அமெரிக்கச் சிற்றூர்களில் பிள்ளைக்குப் பத்து வயது நெருங்கும்போது ஒரு பிபி துப்பாக்கி, அதாவது சிறு குண்டு சுடும் காற்றுத் துப்பாக்கி, வாங்கித் தருவது தலைமுறைகளாக வரும் வழக்கம். இந்தத் துப்பாக்கிகளைச் செய்யும் ஒரு கம்பெனியின் கதை இது: மிச்சிகன் மாநிலத்தின் பிளைமவுத் ஊரில் காற்றாலை செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு இலவசமாகக் காற்றுத் துப்பாக்கி கொடுத்தது. காற்றாலையைவிடத் துப்பாக்கிக்குக் கிராக்கி கூடிப்போய், 1895இல் கம்பெனி தன் பெயரையே 'டெய்சி' என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இன்று பிபி துப்பாக்கிப் பேச்சு எழலாம். வகுப்புத் தோழன் வீட்டில் பார்த்துவிட்டு வந்து "எனக்கும் வேணும்" என்று கேட்கும் பிள்ளைக்கு எதை வாங்குவது?

இது பொம்மை இல்லை என்பதில் முதலில் தெளிவாக இருங்கள். உள்ளே போவது மிளகளவு எஃகு குண்டு. வினாடிக்கு 130 அடி வேகத்தில் வந்தாலே அது கண்ணைத் துளைத்துவிடும். சிறுவர்களுக்கென்று விற்கும் மெதுவான துப்பாக்கிகள்கூட 240, 275 அடி வேகத்தில் சுடுகின்றன. ஆகவே கண்ணுக்கு ஆபத்தில்லாத பிபி துப்பாக்கி என்று எதுவும் கிடையாது. துப்பாக்கிக்கு முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். அதில் 'இசட்87' என்ற முத்திரை இருக்க வேண்டும். சுடும் பிள்ளைக்கு ஒன்று, பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு ஒன்று, வேடிக்கை பார்க்கும் தங்கைக்கும் ஒன்று.

எந்த வயதில் தொடங்கலாம்? டெய்சி நடத்தும் தேசியப் போட்டியில் 8 முதல் 15 வயதுவரை உள்ளவர்கள் சுடுகிறார்கள். கடையில் விற்கும் பெட்டிகளில் 10 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். எட்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எட்டு ஆகிவிட்டாலும், "நில்" என்று ஒருமுறை சொன்னதும் கையிலிருப்பதை அப்படியே நிறுத்துகிற பிள்ளைதானா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். அந்தப் பழக்கம் வராத பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாம்.

அடுத்தது அளவு. கடையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். முழங்கையை மடக்கச் சொல்லி, துப்பாக்கிக் கட்டையின் அடிப்பக்கத்தை அந்த மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரல் விசையை எட்டினால் அளவு சரி. எட்டவில்லை என்றால், பிள்ளை கட்டையைத் தோளில் பதிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுடும். குழல் எங்கே பார்க்கிறது என்பது அதற்கே தெரியாது. டெய்சியின் 'ரெட் ரைடர்' என்பதுதான் இந்த வகையில் ஊரறிந்த பெயர். 1983இல் வந்த 'எ கிறிஸ்மஸ் ஸ்டோரி' படத்தின் சிறுவன் ஏங்குவதும் அதற்காகத்தான். ஆனால் அது ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளம், ஒரு கிலோ எடை. ஒல்லியான எட்டு வயதுப் பிள்ளைக்கு, அதே கம்பெனியின் 'பக்' பொருந்தும்: 75 சென்டிமீட்டர், முக்கால் கிலோவுக்கும் குறைவு.

இரண்டும் சுருள்வில்லால் இயங்குபவை. கீழே இருக்கும் லீவரை இழுத்தால் வில் இறுகும். விசையை அழுத்தினால் வில் விடுபட்டு, காற்றைத் தள்ளி, குண்டை வெளியேற்றும். எத்தனை முறை சுட்டாலும் அதே வேகம்தான், பிள்ளையால் கூட்ட முடியாது. பம்ப் அடிக்கும் வகை அப்படி இல்லை. சிலவற்றில் பத்து முறை அடித்தால் வேகம் 700 அடியைத் தாண்டிவிடும். 350 அடிக்கு மேல் போகும் எதையும் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தொடக்கூடாது என்கிறது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். சின்னப் பிள்ளைக்கு ரெட் ரைடரின் லீவரை இழுக்கப் பலம் போதாது. பெற்றோர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது பெரிய வசதியாகப் படுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி உங்கள் கைக்கு வந்துதான் போக வேண்டும். லீவர் திறந்திருக்கும்போது மட்டும் யார் விரலும் விசைமேல் இருக்கக்கூடாது. லீவர் தெறித்து மூடினால் விரல் நசுங்கும்.

நிஜக் கைத்துப்பாக்கி போலவே செய்திருக்கும் பிஸ்டல்களைப் பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் வாங்காதீர்கள். 2014இல் கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவில், பிளாஸ்டிக் குண்டு போடும் நகல் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ்காரர் சுட்டதில் அவன் இறந்துபோனான்.

சுடும் இடத்தையும் முன்பே தயார் செய்யுங்கள். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள்களை இறுக்கித் திணித்து, முன்பக்கம் இலக்குத் தாளை ஒட்டி, பின்னால் ஒரு பழைய கம்பளத்தைத் தொங்கவிட்டால் போதும். போட்டிகளிலும் 5 மீட்டர் தூரத்திலிருந்துதான் சுடுகிறார்கள். மரம், கல், தகரம், தண்ணீர் எதிலும் சுட விடாதீர்கள். எஃகு குண்டு நசுங்காது, அப்படியே திரும்பி வரும். குறி தவறினால் 150 மீட்டருக்கு மேலும் பறக்கும் என்பதால், வேலிக்கு அப்பால் யார் வீடு என்பதும் முக்கியம். சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூஜெர்சியில் பிபி துப்பாக்கிக்கும் நிஜத் துப்பாக்கிச் சட்டமே பொருந்தும். வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சுட்டு முடிந்ததும் "காலியாயிடுச்சு" என்று பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். குண்டுகள் சேரும் அறையில் ஒன்றிரண்டு சிக்கிக்கொண்டு, குலுக்கினாலும் சத்தம் வராமல் இருந்துவிட்டு, அடுத்தமுறை விசையை அழுத்தும்போது வெளியே வரலாம். டெய்சியின் இரண்டு பம்ப் வகைகளில் இந்தக் குறை இருக்கிறதென்று 2001இல் ஆணையம் வழக்கே தொடுத்தது. 2003இல் அது சமரசத்தில் முடிந்தது. பெட்டியைக் குறிபார்த்து இரண்டு மூன்று முறை வெறுமனே சுட்டுவிட்டு, துப்பாக்கியை ஓர் அலமாரியிலும் குண்டுகளை வேறோர் அலமாரியிலும் பூட்டுங்கள். இரண்டு சாவியும் உங்களிடமே இருக்கட்டும்.